ஸ்டெப்னி வண்டியின் கொடி

எங்கள் ஆபீசில் அவரை ஸ்டெப்னி என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே அண்ணா, முதுகுக்குப் பின்னால் ஸ்டெப்னி. ஒருநாள் டீக்கடையில் நாங்கள் அப்படிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றுவிட்டார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம். அவருக்குக் கோபம் வரவில்லை.

"ஸ்டெப்னி இல்லாத வண்டியில நீங்க திருச்சிக்குப் போவீங்களா? போவமாட்டீங்க இல்ல? அப்புறம் இன்னா சிரிப்பு" என்று கேட்டுவிட்டுத் தன் கிளாசை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் நாங்கள் அப்படித்தான் சொன்னோம். மனிதப் பிறவி அப்படி.

விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில், பெரிய மனிதர்கள் வந்தால் வண்டி, தங்குமிடம், மாலை, மத்தியானச் சாப்பாடு எல்லாம் பார்க்கிற பிரிவில் நான் உதவியாளன். அவர் எங்கள் பிரிவின் டிரைவர். ஜனாதிபதியோ, ஆளுநரோ, வெளிநாட்டுத் தலைவரோ எங்கள் மாவட்டம் வழியாகப் போகும்போது அவர்கள் உட்கார்ந்திருக்கும் காருக்குப் பின்னால் அதேபோல இன்னொரு கார் காலியாகப் போகும். முன்னால் போகிற வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஒரு நிமிஷத்துக்குள் அவர்களை அதில் ஏற்றிவிட வேண்டும். அந்தக் காலி வண்டியை இருபத்துச் சொச்சம் வருஷம் ஓட்டியவர் இவர்.

அந்த வண்டியின் மூக்கிலும் ஒரு கம்பி உண்டு. கம்பியில் கொடியும் உண்டு. ஆனால் உள்ளே ஆள் இல்லாததால் கொடிமேல் பழுப்பு ரெக்சினில் ஓர் உறை போட்டு மூடியிருக்கும். ஆள் ஏறினால் உறையை எடுக்க வேண்டும், இறங்கினால் போட வேண்டும். சட்டமே அப்படித்தான். இருபத்துச் சொச்சம் வருஷத்தில் அந்தப் பின்சீட்டில் ஒரு தலைவரும் உட்கார்ந்ததில்லை. அதனால் சாலையில் அவர் வண்டியின் கொடி ஒருமுறைகூடப் பறந்ததில்லை. பறக்காத அந்தக் கொடியை அவர் வைத்துக்கொண்ட பக்குவத்தைப் பார்த்தால் உங்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு வந்திருக்கிறது.

பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் அலசுவார். நிழலில்தான் காயப்போடுவார். சூடான பெட்டி நேராகப் படக்கூடாதென்று தன் மனைவியின் பழைய பட்டுப்புடவைத் துண்டொன்றை மேலே விரித்து இஸ்திரி போடுவார். கதர்த்துணி ஓரத்தில் நூல் பிரியும் என்பதால் சட்டைப் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். எல்லாம் முடிந்ததும் அதை உறையில் போட்டு மூடிவிட்டு வண்டியை எடுப்பார். யாருக்குண்ணா இதெல்லாம் தெரியப்போகிறது என்று ஒருமுறை கேட்டேன். உள்ளே போட்டுக்கொள்கிற பனியனை நான் துவைப்பதில்லையா என்று திருப்பிக் கேட்டார்.

காலி வண்டியில் கொடி பறக்கக்கூடாது என்பது அவருக்கு வேலை சம்பந்தப்பட்ட விதி மட்டும் இல்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்தார். திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற டீக்கடையில் ஒருநாள் நின்றிருந்தோம். கட்சிக்கொடி கட்டிய பெரிய வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. ஓட்டிவந்தவன் மட்டும் இறங்கினான். இவர் நேராக அவனிடம் போய், தலைவர் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டார். தலைவர் வீட்டில் தூங்குகிறார், டீசல் போட அனுப்பினார் என்றான் அவன்.

"அப்ப கொடிய சுருட்டு."

"யோவ், நீ யாருய்யா?"

"காலி வண்டி ஓட்டறவன்தான். நீ இப்ப ஓட்டிக்கினு வந்தியே, அதே மாதிரி."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான். நான் இவரை இடுப்போடு பிடித்து இழுத்துவந்து வண்டிக்குள் தள்ளினேன். வழியெல்லாம் நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவரோ டீக்குச் சர்க்கரை பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர் மகள் கல்யாணத்தில் இதைவிடக் கூத்து. அவருடைய தங்கை மகன், மாமாவுக்குப் பெருமை சேர்க்கிறேன் பேர்வழி என்று மண்டப வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்துவிட்டான். வெள்ளை யூனிஃபாரத்தில் இவர், பக்கத்தில் கொடி பறக்கிற கார், கீழே 'ஜனாதிபதிகளின் சாரதியே வருக'. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. பெண்ணைப் பெற்றவர் பட்டுவேட்டியோடு சவுக்குக் கழியில் ஏறி, சட்டைப் பையிலிருந்த அந்தச் சின்னக் கத்தரிக்கோலால் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். கீழே அவர் மனைவி தலையில் கைவைத்து நின்றார். சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்கள், இறங்குங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"ஒருத்தரும் ஏறல தம்பி. ஏறாத வண்டிக்கு இன்னாத்துக்குப் பேரு?" என்றார் மேலே இருந்தபடியே.

அப்போது எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு ஒருநாள் ஆபீஸ் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் தனியாக உள்ளே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எதிரே உள்ள கண்ணாடியில் காலிப் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, ஒருநாள் யாராவது ஏறுவார்கள் அண்ணா என்றேன்.

"ஏறக்கூடாதுன்னுதான் வேண்டிக்கினு இருக்கேன். ஏறினா முன்வண்டிக்கு இன்னாவோ ஆயிடுச்சின்னு அர்த்தம்" என்றார். அப்புறம் மஞ்சள் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளவென்று இருந்த ஸ்டியரிங்கைத் துடைத்தார். "ஆனா ஏறினா, நாம சரியா இருக்கணும்."

சரியாக இருப்பதற்காக ஒவ்வொரு வருகைக்கும் முன்பு காலையில் ஒத்திகை நடக்கும். கொடி விளையாட்டுப் பொருள் இல்லை என்பதால் வெறும் கம்பியில் உறையை மட்டும் மாட்டிக்கொள்வோம். அவர் ஸ்டியரிங்கில், நான் பக்கத்துச் சீட்டில். எங்கள் வாட்ச்மேன்தான் ஜனாதிபதி. வாட்ச்மேன் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்துவார். கதவு டப்பென்று சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் நான் அசைய வேண்டும். என் சீட்டு பாதுகாப்பு அதிகாரிக்குப் போய்விடும் என்பதால் நான் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வலது மூலைக்குப் போய், உறையை உருவி, நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு விலகி நிற்க வேண்டும். டிரைவர் ஸ்டியரிங்கை விடக்கூடாது, வண்டியை விட்டு இறங்கக்கூடாது. உறை என் வேலை. வாட்ச்மேன் இறங்கியதும், அண்ணா ஸ்டியரிங்கில் இருந்தபடியே, "எறங்கிட்டாரு, மூடு" என்பார். ஓடிப்போய் மூடுவேன். பத்து வருஷத்தில் இதை எத்தனை தடவை செய்திருப்பேன் என்று தெரியாது. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் என் கால் அந்த வலது மூலைக்குத்தான் போகும்.

அவர் ஓய்வுபெற இரண்டு மாதம்கூட இல்லாத சமயத்தில் அந்த விருந்தாளி வந்தார். ஏதோ ஒரு சின்னத் தீவு நாட்டின் ஜனாதிபதி. சென்னையிலிருந்து, பாண்டிச்சேரிக்குச் சற்று முன்னால் இருக்கிற குயிலாப்பாளையம் பக்கம் ஒரு கட்டடத் திறப்புக்கு வருகிறார். கடற்கரைச் சாலையில் வேலை நடந்ததால் திண்டிவனம் வழியாக வரச்சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டுத் தலைவர் என்றால் காரில் இரண்டு கொடி. வலது பக்கம் நம்முடையது, இடது பக்கம் விருந்தாளியுடையது. அவர்கள் கொடி சென்னையிலிருந்து ஒரு கவரில் வந்தது. நீலத்துணியில் சிறகு விரித்த ஒரு வெள்ளைப் பறவை. இவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பறவை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சென்னைக்கு மூன்று தடவை போன் போடவைத்தார். மூன்றாவது தடவை அங்கே எடுத்தவர் என்னைத் திட்டினார்.

இடது பக்கத்துக் கம்பியை முதல்நாள் சாயங்காலம்தான் வந்து பொருத்தினார்கள். மறுநாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார். இன்றைக்கு இரண்டு உறை இருக்கிறது, ஒருமுறை செய்து பார்த்துவிடலாம் என்றார். எனக்கு அதிகாரிகளின் டிபன் கவலை. இட்லி இன்னும் வரவில்லை.

"ரெண்டு கம்பிதானேண்ணா, ஒண்ணுக்கு ரெண்டா உருவப்போறேன். உங்களோட பெரிய பேஜாராப் போச்சு" என்றேன். அவர் தனியாகவே வண்டியைச் சுற்றி நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திண்டிவனம் தாண்டிப் பாண்டிச்சேரி ரோட்டில் திரும்பி, கிளியனூருக்கும் அப்பால் போய்க்கொண்டிருந்தோம். முன்வண்டியின் டயர் வெடித்தது. வண்டி ஆடி அசைந்து ஓரமாக நின்றது. யாருக்கும் அடியில்லை. எங்கள் வண்டி அதன் பக்கத்தில் போய் நின்ற அடுத்த நொடியே என் கதவைத் திறந்து ஒரு பாதுகாப்பு அதிகாரி என்னைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தார். விருந்தாளியை அழைத்துவந்து பின்சீட்டில் ஏற்றினார்கள். கதவு டப்பென்று சாத்தியது.

என் கால் தன் வேலையைச் செய்தது. முன்பக்கமாகச் சுற்றி ஓடி, வலது மூலையில் உறையை உருவி, நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு விலகினேன். மூவர்ணம் காற்றில் பிரிந்தது. வண்டி கிளம்பியது. பத்து வருஷ ஒத்திகைக்குப் பலன் கிடைத்துவிட்டதென்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

இருபதடி போயிருக்கும். வண்டி நின்றது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் கிறீச்சிட்டு நின்றன. டிரைவர் கதவு திறந்து அவர் இறங்கினார். துப்பாக்கிகள் அவர் பக்கம் திரும்பின. ஒருவர் கத்தினார். அவர் ஓடவில்லை. கைகள் இரண்டையும் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு, முன்பக்கமாக நடந்து இடது மூலைக்குப் போனார். அப்போதுதான் நான் பார்த்தேன். அந்தப் பழுப்பு உறை. விருந்தாளியின் கொடி அதற்குள்ளேயே இருந்தது. நம் கொடி ஜம்மென்று பறக்க, வந்தவருடையதை மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறேன். அவர் உறையை உருவி, நாலாக மடித்துப் பையில் போட்டார். நீலத்துணி பிரிந்து, பறவை தெரியும்வரை ஒரு கணம் நின்று பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

பக்கத்து நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வரப்புக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் வயதான ஒரு அம்மா என்னிடம், "இன்னா சாரு, டிரைவரு மறந்துட்டாரா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

அணிவகுப்பில் உத்தரவில்லாமல் வண்டியை நிறுத்துவது பெரிய குற்றம். தலைவர் உள்ளே இருக்கும்போது டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்குவது அதைவிடப் பெரியது. மூன்றாம் நாள் அவருக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்தது. ஏன் நிறுத்தினீர், உறையை நீக்காமல் விட்டது யார் என்று இரண்டு கேள்விகள். தன் கையெழுத்தில் பதில் எழுதிக் கொடுத்தார். விருந்தாளி ஏறிய பிறகும் அவர் கொடி மூடியிருந்தது, அதனால் நிறுத்தினேன். வண்டி என் பொறுப்பு. அவ்வளவுதான். என் பெயர் அதில் இல்லை.

அரசாங்கத்தில் மெமோ நிலுவையில் இருந்தால் ஓய்வுபெற விடமாட்டார்கள். ஊரே மாலையோடு நிற்கும் கடைசி நாளில் சஸ்பெண்ட் உத்தரவைக் கையில் கொடுப்பார்கள். பென்ஷன் அந்தரத்தில் தொங்கும். முப்பது வருஷம் உழைத்தவனும் திருடனைப்போல வீட்டுக்குப் போவான். அது அவருக்கு நடக்கப்போகிறது என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஸ்டெப்னிக்குக் கடைசியில் காற்று போய்விட்டது என்று ஒருவன் சொன்னான். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவன் வாயை அடைக்கவும் இல்லை. துணை வட்டாட்சியர் பதவி உயர்வுப் பட்டியலில் அந்த மாதம்தான் என் பெயர் இருந்தது. மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. வலது உறை ஆபீசில் என் பீரோவில் கிடந்தது. அதைத் திறக்கவே பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கமுடியாமல் பஸ் ஏறித் திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வேகவைத்த மல்லாட்டையைத் தட்டில் கொட்டி எனக்கு முன்னால் வைத்தார். நான் உரித்துக்கொண்டே, விசாரணையில் என் பெயரைச் சொல்லிவிடுங்கள் அண்ணா என்றேன். எவ்வளவு பெரிய கோழை பாருங்கள். நானே போய்ச் சொல்லத் துணிவில்லாமல், அதையும் அவர் தலையிலேயே கட்டப்பார்த்தேன்.

அவர் ஒரு மல்லாட்டையை உரித்துப் பருப்பை என் பக்கம் தள்ளினார்.

"நான் சொல்லமாட்டேன் தம்பி. நான் சொல்லி நீ மாட்டினா அது எனக்கு அசிங்கம். நீயா போய்ச் சொன்னா அது ஒனக்கு மருவாதி. சொல்லலன்னாலும் பரவால்ல, மல்லாட்ட சாப்புடு" என்றார்.

கோபித்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு உறைகளையும் நீக்கவேண்டியது என் வேலை, ஒன்றை மறந்தேன், ஒத்திகைக்கு அவர் கூப்பிட்டும் போகவில்லை. எங்கள் பெரிய அதிகாரி ஒரு பெண்மணி. படித்துவிட்டு என்னை ஏறெடுத்துப் பார்த்தார். இதை எழுத இத்தனை நாளா என்று மட்டும் கேட்டார். பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து என் பெயர் போய்விட்டது. அதன்பின் இரண்டு வருஷம் காத்திருந்தேன். அது நியாயம்தான்.

அவருடைய மெமோ அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. காகிதம் சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. கடைசி நாள் வந்துவிட்டது. மத்தியானம்வரை உத்தரவு வரவில்லை. மாலை வாங்கி வைத்திருந்தோம், போடலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவர் வழக்கம்போல வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குமேல் மேடம் தானே வெளியே வந்து, எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவர் ஈரக்கையைத் துணியில் துடைத்துவிட்டுக் கும்பிட்டார்.

ஓய்வுபெறுகிற டிரைவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து வீட்டில் கொண்டுபோய் விடுவது இப்போது பல ஆபீசுகளில் வழக்கமாகிவிட்டது. மேடம் தன் காரைத் தருகிறேன் என்றார். அவர் வேண்டாம், என் வண்டியே போதும் என்றார். அவர் மாலைக்குக் குனிந்துகொண்டிருந்தபோது நான் பீரோவைத் திறந்து ஒரு காரியம் செய்தேன். கொடிகளைத் தொடவில்லை. அவர் ஒத்துக்கொள்ளமாட்டார், சட்டமும் ஒத்துக்கொள்ளாது. அன்று காலை அவர் ஒப்படைத்த இடது உறை, என்னிடம் கிடந்த வலது உறை, இரண்டை மட்டும் எடுத்துப்போய் வண்டியின் இரண்டு வெறும் கம்பிகளிலும் மாட்டினேன். ஒத்திகையில் செய்வதுபோல.

மேடம் பின்கதவைத் திறந்து பிடித்தார். இருபத்துச் சொச்சம் வருஷம் தான் துடைத்த சீட்டில் அவர் ஒரு ஓரமாக, பட்டும் படாமல் உட்கார்ந்தார். கதவு டப்பென்று சாத்தியது. நான் அசைந்தேன். முதலில் இடது மூலை. உறையை உருவி நாலாக மடித்தேன். சுற்றிப்போய் வலது மூலை. அதையும் உருவினேன். இரண்டு வெறும் கம்பிகள் சாயங்கால வெயிலில் நின்றன. நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறொரு டிரைவர் ஓட்ட, நான் முன்சீட்டில். விக்கிரவாண்டி தாண்டினோம். பின்சீட்டிலிருந்து அவர் பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்குக் கண்ணாடியில பாத்தேன் தம்பி. நான் போய் ஒறைய எடுத்துட்டு வந்து ஒக்காந்தப்புறம், அந்த ஆளு சீட்ட வுட்டு முன்னாடி சாய்ஞ்சி, எட்டி எட்டி அந்தக் கொடியயே பாத்துக்கினு வந்தாரு. எறங்கற வரைக்கும். ஊர் நெனப்பு வந்திருக்கும், பாவம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவரும் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, சீட்டை விட்டு முன்னால் சாய்ந்து, எட்டி எட்டி அந்த வெறும் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திண்டிவனத்தில் அவர் தெருவில் வண்டி நின்றது. மனைவி, மகள், பேரன், அக்கம்பக்கத்தார் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஆரத்தித் தட்டு தயாராக இருந்தது. நான் கதவைத் திறந்தேன். அவர் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நாலடி நடந்தார். நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"எறங்கிட்டேன் தம்பி. மூடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, நான் வெட்கப்படவில்லை. பையிலிருந்து உறைகளை எடுத்து மூடினேன். இரண்டையும்.